கேட்க மறந்த கேள்வி

நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் கேட்பவர்கள் சத்தமாகத்தான் கேட்பார்கள். கடுக்காய்க்குப் பேரம் பேசுவார்கள். அதிமதுரம் பழையதா புதியதா என்று முகர்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு நானும் அதிமதுரம் வாங்கத்தான் போயிருந்தேன். எனக்கு முன்பே வந்து நின்ற ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், "நீங்க வாங்குங்க சார்" என்று ஒதுங்கி வழிவிட்டார். எனக்குப் பின்னால் வந்த அம்மாவுக்கும் வழிவிட்டார். கடை காலியாகும்வரை சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். மீதிச் சில்லறைக்காக நான் ஓரமாக நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அண்ணாச்சி, உடம்புக்குப் பலம் தர்ற சூரணம் ஏதாச்சும் இருக்கா?"

"யாருக்குப்பா?"

"சொந்தக்காரர் ஒருத்தருக்கு."

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. மேலே ஒன்றும் கேட்கவில்லை. அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில் மூன்றின் பொடியையும் சம எடை நிறுத்துக் கலந்தார். பொட்டலத்தைச் செய்தித்தாளில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ராத்திரி பால்ல ஒரு ஸ்பூன், பனங்கற்கண்டு போட்டு. ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லு" என்றார். வந்தவர் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி கேட்காமல் விட்டது மரியாதையினால்தான். ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பத்து நாளாகப் பசியில்லை என்றால் நாம் அப்படி விடுவதில்லை. காய்ச்சல் இருந்ததா, கண் மஞ்சளாக இருக்கிறதா, புதிதாக மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா, மனதில் ஏதாவது கவலையா என்று துருவுகிறோம். பசி குறைந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்பது நம் பாட்டிக்கே தெரியும். தாம்பத்திய ஆசையும் பசியைப் போன்றதுதான். அது குறைந்தால் மட்டும் "எதனால்?" என்று யாரும் கேட்பதில்லை. நேராகப் பொட்டலத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு தூரம் உதவும், கேட்காமல் விட்ட கேள்வியால் என்ன இழக்கிறோம் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

பாரிஸ், 1889

ஆசைக்கு மருந்து தேடிய கதையில் மறக்கக் கூடாத நாள் 1889 ஜூன் 1. அன்று பாரிஸில் உயிரியல் கழகத்தின் கூட்டத்தில் சார்ல் பிரௌன்-செக்கார் என்ற 72 வயது உடலியங்கியல் அறிஞர் எழுந்து பேசினார். தண்டுவட நரம்புகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக உலகமே மதித்த பெரியவர் அவர். நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விந்தகங்களை நீர் விட்டு அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். மாடிப்படிகளில் மீண்டும் ஓடி ஏற முடிகிறது, ஆய்வகத்தில் மணிக்கணக்காக நிற்க முடிகிறது, முன்கையின் பிடிவலிமை கூடியிருக்கிறது என்று அளவுகளோடு அறிவித்தார். செய்தி பரவியது. கொஞ்ச நாளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தச் சாறு வியாபாரமாகிவிட்டது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது அதற்கு 46 ஆண்டுகள் கழித்து, 1935இல். அது நீரில் எளிதில் கரையாது. விந்தகமும் அதைச் சேர்த்து வைப்பதில்லை, சுரந்ததும் ரத்தத்தில் விட்டுவிடுகிறது. 2002இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பிரௌன்-செக்காரின் செய்முறையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தச் சாற்றில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் உடலில் எந்த விளைவும் ஏற்படுத்தப் போதாத அளவு. அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே தெம்பை உணர்ந்தார். அந்தத் தெம்பைத் தந்தது நம்பிக்கை.

இதை மருத்துவத்தில் பிளாசிபோ விளைவு என்கிறார்கள். காய்ச்சலையும் சர்க்கரையையும் விட ஆசை என்னும் உணர்வில் இந்த விளைவின் கை ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பாலுறவுச் சிக்கலுக்காக ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்து, 12 வாரம் வெற்று மாத்திரை மட்டும் பெற்ற 50 பெண்களின் தரவை ஆன்ட்ரியா பிராட்ஃபோர்டு, சிண்டி மெஸ்டன் ஆகிய உளவியலாளர்கள் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருத்துவக் கணக்கில் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். மாத்திரையில் மருந்தே இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் சிக்கலை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். தங்கள் உடலைக் கவனித்துக் குறித்துவந்தார்கள். இனி சரியாகும் என்று நம்பினார்கள்.

எனவே "நான் சாப்பிட்டேன், எனக்கு வேலை செய்தது" என்று ஒருவர் சொல்லும்போது அவரை நம்பலாம். அவர் சாப்பிட்ட பொடிதான் அந்த வேலையைச் செய்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். ஒரு குழுவுக்குப் பொடி, இன்னொரு குழுவுக்கு அதே நிறத்தில் அதே மணத்தில் வெற்றுத் தூள், யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரியாது. இப்படிச் செய்த சோதனைகள் மட்டுமே அந்தச் சான்றைத் தர முடியும்.

முடுக்கியும் பிரேக்கும்

மூலிகைகளுக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆசை வேறு, விறைப்பு வேறு. விறைப்பு ரத்தக்குழாயின் வேலை. ஆசை மூளையின் வேலை. சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் ரத்தக்குழாயை விரிக்கும், ஆசையை உண்டாக்காது. நம் ஊர் விளம்பரங்கள் இரண்டையும் "ஆண்மைக் குறைவு", "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. பெண்ணின் ஆசை அந்த மூட்டையில் இடமே பெறுவதில்லை.

மூளையில் ஆசை எப்படி இயங்குகிறது? பாலியலை ஆராயும் கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சென் இருவரும் இதற்கு ஒரு தெளிவான சித்திரம் தந்தார்கள். வண்டியில் இருப்பதுபோல மூளையிலும் ஒரு முடுக்கி, ஒரு பிரேக். டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள், அன்பானவரின் அருகாமை ஆகியவை முடுக்கியை மிதிக்கின்றன. பயம், களைப்பு, வலி, கடன் கவலை, பக்கத்து அறையில் மாமியார் விழித்திருக்கிறார் என்ற எண்ணம் எல்லாம் பிரேக்கை மிதிக்கின்றன. செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகளும் பலருக்குப் பிரேக்காக வேலை செய்கின்றன.

கடையில் விற்கும் எல்லாச் சூரணமும் முடுக்கிக்கு எண்ணெய் விடுவதாகச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. ஆனால் ஆசை குறைந்து வரும் பலரிடம் முடுக்கி நன்றாகவே இருக்கிறது. யாரோ பிரேக்கில் காலை வைத்திருக்கிறார்கள்.

இதோடு கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ஆம் ஆண்டில் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் சேர்ந்து வாழும் தம்பதியரில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஆசை தானாக முளைத்து நெருக்கத்துக்கு இட்டுச்செல்வது குறைவு. நெருக்கம் முதலில் வருகிறது, ஆசை அதற்குப் பதிலாக எழுகிறது. கல்யாணமான புதிதில் இருந்த துடிப்பு இல்லையே என்று தன்னை நோயாளியாக எண்ணிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு இதைச் சொன்னாலே பாதிச் சுமை இறங்கும்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது அண்ணாச்சி கட்டிய பொட்டலத்துக்கு வருவோம்.

*அமுக்கரா.* வடமொழியில் அசுவகந்தா. குதிரையின் மணம் என்று பொருள். பச்சை வேரை முகர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்கும் இந்திய மூலிகைகளில் இது ஒன்று. 2012இல் இந்தியாவில் 64 பேரிடம் நடந்த சோதனையில் இரண்டு மாதம் வேர்ச்சாறு எடுத்தவர்களுக்கு மனஅழுத்தமும், அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. 2015இல் 50 பெண்களிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில் உடல் கிளர்ச்சி, ஈரப்பசை, உச்சம், திருப்தி ஆகிய மதிப்பெண்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களை விடக் கூடின. அந்த வெற்றிப் பட்டியலில் "ஆசை" இல்லை என்பதைக் கவனியுங்கள். என் வாசிப்பில் அமுக்கரா செய்வது முடுக்கியை மிதிக்கும் வேலை இல்லை. அழுத்தத்தில் இருப்பவரின் பிரேக்கைச் சற்றுத் தளர்த்துகிறது. இந்தச் சோதனைகள் சிறியவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தச் சாற்றைத் தயாரிக்கும் நிறுவனத்தார். கூடவே எச்சரிக்கையும் உண்டு. அமுக்கரா மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து மஞ்சள் காமாலையில் முடிந்த நேர்வுகள் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023இல் இதைத் தடைசெய்தது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது.

*நெருஞ்சில்.* வயல் வரப்பில் காலில் குத்தும் அதே முள்தான். சித்த மருத்துவத்தில் இதற்கு முதலில் பெயர் கிடைத்தது சிறுநீர் பெருக்கியாக. நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சில் குடிநீர் கொடுப்பார்கள். இதை ஆண்மை மூலிகையாக உலகம் முழுவதும் கொண்டுபோனது பல்கேரியா. அங்கே இதன் சாறு மாத்திரையாகி, விளையாட்டு வீரர்கள் வழியாகப் புகழ் பெற்றது. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பதே விளம்பரம். அதே பல்கேரியாவில் 2005இல் 21 இளைஞர்களிடம் நான்கு வாரம் சோதித்தபோது டெஸ்டோஸ்டிரோன் துளியும் கூடவில்லை. ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தபோது வலிமையிலும் தசையிலும் வெற்று மாத்திரையைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை.

*பூனைக்காலி.* இதன் காய்ச் சுணை தோலில் பட்டால் பிய்த்துக்கொள்ளத் தோன்றும் அரிப்பு. உள்ளே இருக்கும் விதையில் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு வேதியியலாளர்கள் அதை இந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். மூளைக்குள் போனால் எல்-டோபா டோபமினாக மாறும். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய்க்கு உயிர் மருந்தானதும் இதுவேதான். டோபமினைக் கூட்டும் மருந்துகள் எடுக்கும் பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் காம இச்சை அடக்க முடியாமல் பெருகுவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, பூனைக்காலியைக் காமம் பெருக்கி என்று முன்னோர் சொன்னதில் ஒரு வேதியியல் நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மையான மருந்துக்கு உண்மையான பக்கவிளைவும் உண்டு. குமட்டல், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குதல், தூக்கமின்மை, மனநல மாத்திரைகளோடு மோதல் எல்லாம் வரலாம். ஒரு ஸ்பூன் பொடியில் எத்தனை மில்லிகிராம் எல்-டோபா என்று கடையில் யாராலும் சொல்ல முடியாது. விதைக்கு விதை மாறும்.

இனி, பெட்டியில் வரும் சரக்கு.

மாகா என்பது முள்ளங்கி, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கிழங்கு. பெரு நாட்டின் ஹுனின் பீடபூமியில், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல், வேறு பயிர் நிற்காத குளிரில் விளைகிறது. அங்கே அது உணவு. லிமாவில் குஸ்தாவோ கொன்சாலெஸ் 2002இல் வெளியிட்ட 12 வார ஆய்வில், மாகா எடுத்த ஆண்கள் எட்டாவது வாரத்திலிருந்து ஆசை கூடியதாகச் சொன்னார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை. ஆசை என்ற ஒன்றையே நேராக அளந்து, கொஞ்சம் நல்ல முடிவு தந்த அரிய ஆய்வுகளில் இது ஒன்று. பிறகு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டவர்கள், எண்ணிக்கை மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல இயலாது என்றே முடித்தார்கள்.

நம் வெந்தயத்தின் சாற்றை வைத்து 2011இல் 60 ஆண்களிடம் ஆறு வாரம் நடந்த சோதனையில் ஆசை மதிப்பெண் கூடியது. டெஸ்டோஸ்டிரோன் இயல்பு வரம்புக்குள்ளேயே நின்றது. குங்குமப்பூவை ஈரானில் மனச்சோர்வு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஈரப்பசையும் கிளர்ச்சியும் கூடின, வலி குறைந்தது. இங்கேயும் ஆசையின் மதிப்பெண் அசையவில்லை.

யோகிம்பே மட்டும் தனி ரகம். மேற்கு ஆப்பிரிக்க மரமொன்றின் பட்டை அது. அதிலுள்ள யோகிம்பின் விறைப்புக்கு ஓரளவு உதவும் என்று 1998இல் ஏழு சோதனைகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது. அதே பொருள் இதயத்தைப் படபடக்கவைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பதற்றக்காரர்களைப் பீதியில் தள்ளும். அமெரிக்காவில் 49 பிராண்டுகளைச் சோதித்தபோது ஒரு வேளை அளவில் சிலவற்றில் யோகிம்பின் சுத்தமாக இல்லை, சிலவற்றில் 12 மில்லிகிராம்வரை இருந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

முருங்கைக்காயைப் பற்றிக் கேட்பீர்கள். 1983இல் வந்த 'முந்தானை முடிச்சு' படம் அதற்குக் கொடுத்த புகழை எந்த ஆய்வகமும் கொடுக்கவில்லை. ஆனால் முருங்கைக்கீரையை விட்டுவிடாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

மண் தின்ற இளைஞன்

1958ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். ஈரானின் ஷிராஸ் நகர மருத்துவமனையில் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற இளம் மருத்துவர் வேலையில் சேர்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு நோயாளி கொண்டுவரப்பட்டார். பார்த்தால் பத்து வயதுச் சிறுவன். உண்மையில் 21 வயது. மீசை அரும்பவில்லை. பிறப்புறுப்பு குழந்தையுடையதுபோலவே இருந்தது. கடும் ரத்தசோகை, சொரசொரத்த தோல், எதிலும் நாட்டமற்ற சோர்வு.

பிரசாத் அந்த இளைஞன் என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்தார். கோதுமை ரொட்டி. கிட்டத்தட்ட அது மட்டும்தான். இறைச்சி, முட்டை, பால் இல்லை. அதோடு நாள்தோறும் ஏறத்தாழ அரைக் கிலோ களிமண். கொஞ்ச நாளில் அதே போன்ற இன்னும் பத்துப் பேர் அந்த மருத்துவமனைக்கு வந்தார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்பது சரி. ஆனால் இரும்பு குறைந்தால் பருவம் அடைவது நிற்காது. வேறு ஏதோ ஒன்றும் குறைகிறது என்று பிரசாத் நினைத்தார். அது துத்தநாகம் என்பதை எகிப்தில் தொடர்ந்து செய்த ஆய்வுகளில் உறுதிசெய்தார். புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டியில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. குடல் அவற்றை உறிஞ்ச முடிவதில்லை. துத்தநாகம் கொடுத்ததும் எகிப்தில் இதே நிலையில் இருந்த இளைஞர்கள் வளர்ந்தார்கள், பருவம் அடைந்தார்கள். மனிதனுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதே அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது.

1996இல் பிரசாத் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். நலமாக இருந்த இளைஞர்களின் உணவில் 20 வாரம் துத்தநாகத்தைக் குறைத்தபோது அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 39.9 நேனோமோல் அளவிலிருந்து 10.6க்கு விழுந்தது. துத்தநாகம் சற்றுக் குறைவாக இருந்த முதியவர்களுக்குக் கொடுத்தபோது 8.3இலிருந்து 16க்கு ஏறியது.

துத்தநாக மாத்திரை விற்பவர்கள் இந்த எண்களைத்தான் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, இது குறைபாடு உள்ளவர்களின் கதை என்பதை. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியும். இங்கே வழிவதோடு நிற்காது. நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் எடுத்தால் செம்புச் சத்து உறிஞ்சப்படுவது தடைபட்டு, ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும்.

பெண்களுக்கு இந்தப் பாடம் இரும்பில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. ஹீமோகுளோபின் எட்டில் நிற்கும் ஒரு பெண், காலை நான்கரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, வேலைக்குப் போய்த் திரும்பி, இரவு படுக்கையில் விழும்போது அவளிடம் ஆசை எங்கே மிச்சமிருக்கும்? அவளுக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரை, ஒரு கை முருங்கைக்கீரை, மேலே பிழிந்த எலுமிச்சை. முளைகட்டிய பயறும் புளித்த இட்லி மாவும் ஃபைட்டேட்டைக் குறைத்துச் சத்தை விடுவிக்கின்றன. எனக்குத் தெரிந்து நம் நாட்டுப் பெண்களுக்கு ஆசையை மீட்டுத்தரும் சத்துணவுத் துணை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் இரும்பைச் சொல்வேன். எந்தச் சுவரொட்டியிலும் அதன் பெயர் இருக்காது.

பொட்டலத்தில் எழுதாத பொருள்

2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளுக்கு விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள். ஆனால் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, வியர்த்து, குழறி, மயங்கிய நிலையில் தூக்கிவரப்பட்டார்கள். மொத்தம் 150 பேர். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். ரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலானவர்களிடம் கிளிபென்கிளமைடு கிடைத்தது. அது சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் மாத்திரை. அதை எப்படிச் சாப்பிட்டார்கள்? கேட்டால் பலர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தெருவில் சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகள், மூலிகை என்று எழுதியவையும் சேர்த்து, பிடிபட்டன. வழக்கமான மாத்திரையில் இருப்பதைவிடப் பல மடங்கு கிளிபென்கிளமைடு அவற்றில் கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள்.

அந்த மௌனத்தை எண்ணிப்பாருங்கள். மயங்கி விழுந்தவரின் மனைவிக்குத் தெரியாது. மருத்துவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சொல்ல வெட்கப்பட்டார், அல்லது சொல்லும் நிலையில் இல்லை. பொட்டலத்தில் இருந்த நஞ்சோடு வெட்கமும் சேர்ந்துதான் கொன்றது.

இது தனி நிகழ்ச்சியும் இல்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் 2016 வரை கண்டுபிடித்த கலப்படத் துணை உணவுகள் 776. அவற்றில் 353 பாலுறவுக்கானவை. இந்த 353இல் ஏறத்தாழ பாதியில் ரகசியமாகக் கலந்திருந்தது சில்டெனாஃபில். "இயற்கை மூலிகை, அரை மணியில் பலன்" என்ற விளம்பரத்தின் ரகசியம் இதுதான். எந்த வேரும் அரை மணியில் வேலை செய்யாது.

சில்டெனாஃபிலை மருத்துவர் எழுதித்தந்து எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது பாதுகாப்பானது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுக்கும் ஒருவர், லேகியம்தானே என்று நம்பி அது கலந்த மருந்தைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இதுபோக, 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், இணையம்வழி விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

இந்திய நாடாளுமன்றம் 1954இலேயே சட்டம் போட்டுவிட்டது. பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வது குற்றம். பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரையும் இரவு பதினொரு மணித் தொலைக்காட்சியையும் பார்ப்பவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

பிரேக்கில் யார் கால்?

அப்படியானால் என்ன செய்வது? பசிக்குக் கேட்கும் கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும்.

தூக்கம் எவ்வளவு? சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் ஷிப்ட் முடித்து, நள்ளிரவுவரை கைபேசி பார்க்கும் இளைஞருக்கு அமுக்கராவை விட இரண்டு மணி நேரத் தூக்கம் பெரிய மருந்து. பெண்களுக்கும் அப்படியே. அமெரிக்காவில் 171 பெண்களை இரண்டு வாரம் தொடர்ந்த ஆய்வில், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிய மறுநாள் துணையோடு உறவுகொள்ளும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது.

என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? மனச்சோர்வு மாத்திரைகள், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆசையைக் குறைக்கலாம். தாமாக நிறுத்துவது ஆபத்து. சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார்.

தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? தைராய்டு குறைந்தாலும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும் ஆசை மங்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்குப் புரோலாக்டின் கூடுவது இயற்கை. அது நோயல்ல, அந்த மாதங்களில் கணவர் பொறுத்திருக்க வேண்டும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. ஆண்குறியின் ரத்தக்குழாய் இதயக் குழாயை விடச் சிறியது, அதனால் முதலில் அடைபடுகிறது. நாற்பது வயதில் வரும் விறைப்புக் குறைவு, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அதைச் சூரணத்தால் மூடிமறைப்பது வீட்டில் அடிக்கும் அபாய மணியைத் துணியால் சுற்றுவதற்குச் சமம்.

உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைவா? ஐரோப்பாவில் 40 முதல் 79 வயதுவரையான 3,369 ஆண்களை ஆராய்ந்தபோது, அறிகுறியும் ஹார்மோன் குறைவும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 விழுக்காடு மட்டுமே. காலை வேளையில், இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். குறைவு இல்லாதவர் ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தி நின்றுபோகும். குழந்தைக்காக ஏங்கும் தம்பதிக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

கடைசியாக, வலியோ பயமோ இருக்கிறதா? மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியால் உறவு வலித்தால், ஆசை விலகுவது உடலின் தற்காப்பு. அதற்குக் களிம்பு இருக்கிறது. "விசேஷம் உண்டா?" என்று ஊரே கேட்கும்போது, நாள் குறித்துச் சேரும் தம்பதிக்கு உறவு தேர்வாகிவிடுகிறது. விந்து வீணானால் உயிர்ச்சத்து போய்விடும் என்ற பயத்தில் ஒடுங்கிய இளைஞர்களைப் பற்றி 1960இலேயே மனநல மருத்துவர் என்.என். விக் எழுதி, அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். உடல் நாள்தோறும் விந்தணுவைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், எத்தனையோ பேர் லாட்ஜ் வைத்தியரிடம் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, காரணம் ஒன்றும் பிடிபடவில்லை, மூலிகை ஒன்றை முயன்று பார்க்க விருப்பம் என்றால் முயலுங்கள். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள், எட்டு வாரம். மற்ற மாத்திரைகளை எழுதும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். கணவனோ மனைவியோ ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள்.

ஷிராஸில் வந்த அந்த இளைஞனிடம் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். ஆணாக வளராதவன் என்று சொல்லியிருக்கும். இளம் மருத்துவர் ஒருவர் அவனிடம், "தம்பி, நீ தினமும் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். அவன் மறைக்காமல் மண்ணைச் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கூசியிருக்கும்! அவன் சொன்னதால் அவனும் பிழைத்தான், அவனைப் போன்றவர்களும் பிழைத்தார்கள்.

நாட்டு மருந்துக் கடை வாசலில் எல்லோருக்கும் வழிவிட்டு நின்ற அந்த மனிதருக்கும் யாராவது ஒருவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி கேட்டிருக்கலாம். சில்லறைக்காக நின்ற நானும் கேட்டிருக்கலாம்.